வேலூரிலிருந்து தொழில்நுட்பச் சேனல் தொடங்குகிறீர்களா? கேமராவுக்கு முன் காகிதம்

யூடியூபில் நான் சம்பாதித்த முதல் நூறு டாலர், சத்துவாச்சாரியில் இருக்கும் என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர ஏழு மாதம் பிடித்தது. வீடியோக்களில் குறையில்லை. என் வீட்டு வாசலில் இரண்டு கதவு எண்கள் இருந்தன. என் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. தடை இவ்வளவுதான். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தவன் நான். பிறருடைய பட்டா, வாரிசுச் சான்றிதழ்க் கதைகளையெல்லாம் எழுதியிருக்கிறேன். என் காகிதங்களை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

செல்பேசி, செயலி, இணைய மோசடி, கணினி என்று தமிழில் எழுதவும் பேசவும் விரும்பி, அதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோக முடியாத வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று மட்டும் கேட்பவர்கள் நேராக நான்காவது படிக்குப் போகலாம். முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போனவர்கள் எப்படியும் திரும்பி வருவார்கள்.

1. முதலெழுத்தைச் சரிசெய்யுங்கள்

சண்முகத்தின் மகன் குமரன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'ச. குமரன்'. ஆதாரில் 'குமரன் ச'. பான் அட்டைக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கடைக்காரர், கடைசிப் பெயர் கட்டாயம் என்று அப்பா பெயரையும் சேர்த்துவிட்டதால் அதில் 'குமரன் சண்முகம்'. வங்கிப் புத்தகத்தில் 'எஸ் குமரன்'. நால்வரும் ஒரே ஆள் என்று தெருவுக்கே தெரியும். பணம் அனுப்பும் கணினிக்குத் தெரியாது.

விளம்பர வருமானம் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கு வழியாக வருகிறது. அந்தக் கணக்கில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வரிக்காகக் கொடுக்கும் படிவத்தில் பான் அட்டையில் உள்ள பெயர் வர வேண்டும். ஆகவே பான் அட்டையை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்க மாற்றுவதுதான் என் அனுபவத்தில் குறைந்த அலைச்சல்.

வங்கியில் தொடங்குங்கள். பான் நகல், ஆதார் நகல், பாஸ்புக், ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம் போதும். எனக்குக் கட்டணம் இல்லை. நான்கு வேலை நாள் ஆனது. மாதத்தின் முதல் வாரத்தில் போகாதீர்கள், ஓய்வூதியம் வாங்க வருபவர்களின் வரிசை வாசல் வரை நிற்கும். பான் அட்டையிலேயே எழுத்துப் பிழை இருந்தால் திருத்தக் கட்டணம் நூற்றுச் சொச்சம் ரூபாய். அட்டை தபாலில் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, மின்னஞ்சலில் வரும் மின் அட்டையே செல்லும்.

ஆதாரில் கை வைக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். திருமணத்துக்குப் பின் ஒருமுறை மாற்றிய பெண்களுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைத் திருப்பிக் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு எழுத்தாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பாருங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

2. முகவரியைத் தபால்காரரின் கண்ணால் பாருங்கள்

ஆட்சென்ஸ் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், உங்கள் முகவரி உண்மையா என்று பார்க்க ஒரு கடிதம் சாதாரணத் தபாலில் புறப்படும். அதற்குள் ரகசிய எண் இருக்கும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். பதிவுத் தபால் இல்லை என்பதால் எங்கே இருக்கிறது என்று பின்தொடர முடியாது. முதல் கடிதம் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் உங்கள் வீடியோக்களில் விளம்பரம் நின்றுவிடும்.

எனக்கு மூன்று கடிதங்கள் வரவில்லை. எங்கள் தெருவில் பழைய எண் 14, புதிய எண் 31. நான் இரண்டையும் சாய்கோடு போட்டு '14/31' என்று எழுதியிருந்தேன். எங்கள் வரிசையிலேயே உட்பிரிவு எண்ணாக 14/3 என்று ஒரு வீடும் இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் வீடு. மூன்று கடிதங்களும் அதன் கம்பிக் கதவுக்குள் கிடந்தன. பொங்கலுக்கு வீட்டுக்காரர் வந்து திறந்தபோதுதான் கிடைத்தன. தபால்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கோடு போட்டவன் நான்.

முகவரியை எழுத ஒரு முறை:

புதிய எண்ணை மட்டும் எழுதுங்கள். பழைய எண் இல்லாமல் கடிதம் வராது என்றால் 'பழைய எண்' என்று சொல்லாகவே எழுதுங்கள், சாய்கோடு வேண்டாம். தெருப் பெயர், பகுதி, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் கொடுங்கள். 'பிள்ளையார் கோயில் பின்புறம்' நம் தபால்காரருக்கு உதவும், ஆனால் பெட்டியில் இடம் குறைவு. நீண்ட முகவரியின் வால் அச்சில் வெட்டுப்பட்டுப் போகும். வேலூருக்கு எல்லாம் 632001 என்று போடும் பழக்கத்தை விடுங்கள். சத்துவாச்சாரி 632009, காட்பாடி 632007. உங்கள் பகுதிக்கு என்ன எண் என்று பக்கத்துத் தபால் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. உங்கள் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் இருக்கும், மின் கட்டண ரசீதில் ராணிப்பேட்டை என்றோ திருப்பத்தூர் என்றோ இருக்கும். அடையாள ஆவணத்தைக் கேட்கும் கட்டத்தில் இந்த வேறுபாடு உதைக்கும். ஆதாரில் முகவரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே முதலிலேயே மாற்றிவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருப்பதைக் கொண்டுவந்து நீட்டிய ஒரு பெரியவரை ஆதார் மையத்தில் பார்த்தேன். அவர் சொன்னது தவறில்லை, அந்தக் கணினியின் பட்டியலில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை, அவ்வளவுதான்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விடுதி முகவரியைக் கொடுக்காதீர்கள். கடிதம் வருவதற்குள் அறை மாறியிருக்கும். சொந்த ஊர் முகவரியைக் கொடுத்து, அம்மாவிடம் 'கூகுள் என்று ஒரு கடிதம் வந்தால் விளம்பரம் என்று எறிந்துவிடாதே' என்று சொல்லி வையுங்கள்.

3. எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?

புதிதாக வரும் எல்லாரும் புதிய செல்பேசியின் பெட்டியைப் பிரிப்பதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கடையில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். நம்மிடம் பெட்டி வந்து சேரும்போது சென்னையில் இருப்பவர் ஒரு வாரம் பயன்படுத்தி முடித்திருப்பார்.

நம் வட்டாரத்தில் யாரும் தொடாத செய்திகள் இருக்கின்றன. ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாத முதியவர்கள். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, மொழி தெரியாமல் செயலியில் மருத்துவரின் நேரத்தைப் பதிவு செய்யத் திணறும் குடும்பங்கள். கடை வாசலில் ஒட்டிய கியூஆர் தாளின் மேல் வேறொரு தாளை ஒட்டிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி. பழைய செல்பேசி வாங்கும்போது அது திருட்டுப் பொருளா என்று பார்ப்பது எப்படி என்ற என் எட்டு நிமிட வீடியோதான் இன்றுவரை எனக்குப் பார்வையாளர்களைக் கொண்டுவருகிறது. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. செல்பேசியில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால், முடக்கப்பட்ட எண்ணா இல்லையா என்று தெரிந்துவிடும். லாங் பஜார் பக்கம் ஒரு கடைக்காரர் அந்த வீடியோவைத் தன் வாடிக்கையாளர்களுக்கே போட்டுக் காட்டுகிறார்.

அரசுத் துறையிடம் கேள்வி இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு விண்ணப்பம், 30 நாளில் பதில். செய்தியாளர் அட்டை தேவையில்லை, குடிமகனாக இருந்தால் போதும். 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. 'எத்தனை', 'எந்தத் தேதி', 'ஆணையின் நகல்' என்று கேளுங்கள்.

மருத்துவமனை வளாகத்துக்குள் நோயாளிகளைப் படம் பிடிக்காதீர்கள். வெளியே, அவர்கள் சம்மதத்தோடு, முகம் காட்டலாமா என்று கேட்டுப் பேசுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் கையில் செல்பேசியோடு நடந்தால் யாரும் கேட்பதில்லை. முக்காலியை விரித்தால் தொல்லியல் துறை ஊழியர் வந்து நிற்பார், அதற்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 'மின்கலம்' என்று தலைப்பு வைத்த என் வீடியோவை யாரும் தேடி வரவில்லை. 'பேட்டரி' என்று மாற்றினேன், வந்தார்கள். தமிழ்ப் பற்றைப் பேச்சின் தெளிவில் காட்டுங்கள், தேடுசொல்லில் காட்டாதீர்கள்.

4. அறையும் ஒலியும்

படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி இரைந்தால் போய்விடுவார்கள். ஆகவே முதல் செலவு மைக். சட்டையில் குத்தும் கம்பி மைக் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். முக்காலி 1,200. எல்இடி விளக்கு இரண்டு, 700. கேமராவுக்கு என் பழைய செல்பேசி. வீடியோ வெட்டி ஒட்ட, பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினி 28,000. முதல் ஆண்டு முழுவதும் இவ்வளவுதான். கடன் வாங்கி கேமரா வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவரும் இப்போது அந்தக் கேமராவோடு திருமண வீடியோ எடுக்கப் போகிறார்கள்.

வாங்க எங்கே போவது? காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ரிச்சி தெருவில் சுற்றிவிட்டு மாலை திரும்பலாம். எதிர்த் திசையில் போனால் பெங்களூரின் எஸ்.பி. சாலை. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருப்பது நமக்கு வசதி, அறிமுக விழாக்களுக்கும் இதே கணக்குதான். பில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பில் எதற்கு என்பது பத்தாவது படியில் வரும்.

எதிரொலியை அடக்கச் சுவரில் பஞ்சு ஒட்ட வேண்டாம். பீரோவைத் திறந்து வைத்து, கட்டிலில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, அதை நோக்கிப் பேசினால் போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஏப்ரல், மே மாதத்து வேலூரில் விசிறியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசுவது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் விடியற்காலை ஐந்து முதல் ஏழு வரை பதிவு செய்கிறேன். பாங்கு நேரமும் கோயில் ஒலிபெருக்கி நேரமும் உங்கள் தெருவுக்கு எது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மார்கழியில் அந்த மாதம் முழுக்க இரவுக்கு மாறிவிடுவேன். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிட்டுப் பதிவேற்றும் நாளை முடிவு செய்யுங்கள்.

நம் வெயிலால் ஒரு பயனும் உண்டு. ஐபோன் போன்ற கருவிகளுக்கு அவற்றைச் செய்தவர்களே 35 டிகிரி வரைதான் இயங்கு வெப்பம் என்று குறிப்பிடுகிறார்கள். கத்திரி வெயிலில் இங்கே 40ஐத் தாண்டும். அந்த வெயிலில் செல்பேசி சூடாகி வேகம் குறைவதையும் திரை வெளிச்சம் தானாக மங்குவதையும் குளிரூட்டிய அறையில் சோதிப்பவர் காட்ட முடியாது. முந்நூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி, சோதனை செய்யும் ஒவ்வொரு முறையும் அதைச் சட்டகத்துக்குள் வையுங்கள். எண் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது வெறும் பேச்சு.

5. கதவைப் பூட்டுங்கள்

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் முதலில் உங்களைத் தேடி வருபவர் திருடர். 'எங்கள் மென்பொருளை அறிமுகம் செய்ய 800 டாலர் தருகிறோம், ஒப்பந்தம் இணைப்பில்' என்று மின்னஞ்சல் வரும். பெயர் உண்மையான நிறுவனத்தின் பெயராகவே இருக்கும். எனக்கு வந்தபோது மகிழ்ச்சியில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்தான் கேட்டார், 'இரண்டு பக்க ஒப்பந்தம் எதற்கு 700 எம்பி இருக்கிறது?'

அந்தக் கேள்வியில்தான் பிழைத்தேன். வைரஸ் சோதனையில் சிக்காமல் இருக்க, கோப்பை வேண்டுமென்றே ஊதிப் பெரிதாக்கிக் கடவுச்சொல் போட்டுச் சுருக்கி அனுப்புவார்கள். விண்டோஸ் கோப்பின் வகையை மறைத்துக் காட்டுவதால் பிடிஎஃப் போலத் தெரிவது, உண்மையில் இயங்கும் நிரலாக இருக்கும். திறந்த சில நொடிகளில், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கீயை உலாவியிலிருந்து திருடிக்கொண்டு போய்விடும். அதை வைத்திருப்பவரிடம் கடவுச்சொல்லும் கேட்காது, இரண்டாம் கட்டக் குறியீடும் கேட்காது. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய தொழில்நுட்பச் சேனலே இந்த வழியில்தான் பறிபோய் மீண்டது. கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு நடந்தது நமக்கு நடக்காதா?

செய்ய வேண்டியவை ஐந்து. கோப்பு வகையைக் காட்டும்படி விண்டோஸ் அமைப்பை மாற்றுங்கள். சேனலின் மின்னஞ்சல் முகவரி வேறு, விளம்பரதாரர்களுக்குக் கொடுக்கும் முகவரி வேறு என்று பிரியுங்கள். விளம்பரதாரர் கடிதங்களைச் செல்பேசியில் மட்டும் திறங்கள். வீடியோ வெட்டித் தரும் தம்பிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். யூடியூப் ஸ்டூடியோவில் 'எடிட்டர்' என்ற அனுமதியை மட்டும் கொடுங்கள். கணக்குக்குள் நுழைய முடியாமல் போனால் உதவும் மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், கடவுச்சொல்லை மாற்றுவது அதற்கு அடுத்த வேலை. பணம் போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

6. பணம் எப்போது வரும்?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குறுவீடியோக்கள் மட்டும் போடுபவர்களுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இதைத் தொட எனக்குப் பதினாறு மாதம் ஆனது. சந்தாதாரர்களை விலைக்கு விற்பவர்கள் வருவார்கள். வாங்கினால் எண்ணிக்கை ஏறும், பார்வை நேரம் ஏறாது, விண்ணப்பம் மறுக்கப்படும். முதல் மறுப்புக்குப் பின் மறுபடி விண்ணப்பிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது ஆட்சென்ஸ் கணக்கு கேட்கும். கல்லூரிக் காலத்தில் வலைப்பூவுக்காக ஒன்று தொடங்கி மறந்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான், இரண்டாவது மறுக்கப்படும். பழையதைக் கண்டுபிடித்து அதை இணையுங்கள் அல்லது மூடுங்கள்.

அடுத்து அமெரிக்க வரிப் படிவம், டபிள்யூ-8பென். பெயரைக் கேட்டுப் பயந்து இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் உங்கள் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பி, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்து, பான் எண்ணை வரி அடையாள எண்ணாகக் கொடுத்தால், அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். தமிழ்ச் சேனலுக்கு அது சிறு துண்டு. பதினைந்து நிமிட வேலை.

வங்கி விவரத்தில், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு கேட்கும். கிளைகள் பலவற்றுக்கு அது கிடையாது; அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் குறியீட்டைத்தான் போட வேண்டும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டை அந்த இடத்தில் எழுதிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவன் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. நூறு டாலர் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் பணம் புறப்படும். வங்கியில் ஏற மேலும் சில நாள். முதல் முறை வங்கியிலிருந்து அழைத்து 'இது என்ன பணம்' என்று கேட்பார்கள். 'விளம்பரச் சேவைக்கான வருமானம்' என்று சொல்லுங்கள். 'யூடியூப்பில் இருந்து யாரோ அனுப்புகிறார்கள்' என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது.

7. நிறுவனங்களிடம் கருவி கேட்பது

சோதனைக்குக் கருவி தருவது பெரும்பாலும் நிறுவனத்தின் மக்கள்தொடர்பு முகமை. அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: சேனல் எது, யார் பார்க்கிறார்கள், எந்தக் கருவி, எத்தனை நாள், எந்த முகவரி. பார்வையாளர் வயதும் ஊரும் காட்டும் பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தால் நல்ல ஆண்டு. என்னிடம் முதலில் வந்தது ஒரு சார்ஜர்.

கூரியர் பெட்டியை வெட்டும் முன்பே பதிவை ஓட விடுங்கள். முகவரித் தாள், முத்திரை, கருவியின் நான்கு மூலை எல்லாம் தெரிய வேண்டும். எனக்கு வந்த ஒரு செல்பேசியின் ஓரத்தில் ஏற்கெனவே கீறல் இருந்தது. திருப்பியபோது என்மேல் போட்டார்கள். வீடியோவை அனுப்பினேன், அத்தோடு பேச்சு நின்றது. பெட்டியை எறியாதீர்கள், லித்தியம் பேட்டரி உள்ள பொருளை அதன் சொந்தப் பெட்டி இல்லாமல் ஏற்க கூரியர்காரர்கள் தயங்குவார்கள். திருப்பும் செலவு யாருடையது என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

திருப்புவதற்கு முன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் கருவியை அழிக்க வேண்டும். கணக்கை நீக்காமல், இயக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் பிடித்து அழித்தால், அடுத்து வாங்குபவரிடம் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அதன்பின் அந்த முகமை உங்களுக்கு எதுவும் அனுப்பாது.

தடைக்காலம் என்று ஒன்று உண்டு. குறித்த நேரம் வரை எதையும் வெளியிடக் கூடாது. நேரம் அமெரிக்க மேற்குக் கரைக் கணக்கில் இருந்தால் கவனம். அங்கே காலை பத்து மணி என்பது அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அந்த ஒரு மணி நேரத்தை மறந்து, பதிவேற்ற நேரத்தைத் தானியங்கியில் வைத்துவிட்டுத் தூங்கினால், நீங்கள்தான் உடன்பாட்டை மீறியவர். தேதியையும் இந்திய நேரத்தையும் எழுதி, முகமைக்கே அனுப்பி 'சரிதானே' என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கருவியை உங்களிடமே விட்டுவிட்டால் அது வருமானம். ஓர் ஆண்டில் இப்படி ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தவற்றின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை முதல் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. திருப்பித் தந்துவிட்டால் இல்லை. ஆகவே திருப்பிய கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

8. காசு வாங்கினால் சொல்லுங்கள்

காசு, இலவசக் கருவி, பயணச் செலவு, எது வாங்கியிருந்தாலும் வீடியோவின் தொடக்கத்திலேயே தமிழில் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். யூடியூபில் 'கட்டண விளம்பரம் உள்ளது' என்ற பெட்டியில் குறியிடுங்கள். விளக்கத்தின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் போடுவது கணக்கில் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கடன் செயலி, சூதாட்டச் செயலிக்காரர்கள்தான் கேட்டதற்கு மேல் தருகிறேன் என்பார்கள். உங்கள் சந்தாதாரர்களில் பாதிப் பேர் உங்கள் ஊர்க்காரர்கள். பழைய பேருந்து நிலையத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

9. செய்தியாளர் அட்டை விற்பவர்

மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் 'பிரஸ்' அட்டையும் வண்டிக்கு வில்லையும் தருகிறேன், அரசுப் பதிவு என்று ஒருவர் வருவார். பத்திரிகைப் பதிவாளரிடம் பதிவு என்பது அச்சில் வரும் ஏடுகளுக்கு உரியது. அது யாருக்கும் அட்டை வழங்குவதும் இல்லை. வாங்காதீர்கள்.

10. வரியும் பதிவும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தளங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும். முகவரி அரசுக்குரிய 'கவ்.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். ஆதாரும் பானும் போதும், அன்றே சான்றிதழ் வந்துவிடும். சேனல் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க வங்கி இதைக் கேட்கும்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிநாட்டு வரவுக்கு இதில் தனி விதிகள் இருப்பதால் பட்டயக் கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். நான் கொடுத்தது 1,500 ரூபாய். வருமான வரிக் கணக்குக்கு ஐடிஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது; அது சம்பளக்காரர்களுக்கு, தொழில் வருமானம் உள்ளவர் அதில் தாக்கல் செய்யக் கூடாது. மைக், மடிக்கணினி, இணையக் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் செலவாகக் காட்டலாம், பில் இருந்தால். ரிச்சி தெருவில் 'பில் இல்லாமல் இருநூறு குறைக்கிறேன்' என்று சொன்னதை ஏற்றுக்கொண்ட எனக்கு மார்ச்சில்தான் அந்த இருநூறின் விலை தெரிந்தது.

ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டிய வரி உண்டு: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. பத்திரிகைகளுக்கும் எழுதினால் அவர்கள் பிடித்த 10 சதவீதம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டுத் தகவல் அறிக்கையில் பாருங்கள். எனக்கு ஒரு கட்டுரைத் தொகையில் பிடித்தது இரண்டு காலாண்டு ஏறவே இல்லை. கேட்டபோது, அவர்கள் பதிந்திருந்த பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்திக்கொள்ள மறுபடியும் பான் நகல், ஆதார் நகல், ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம். அந்த மூன்றிலும் பத்து நகல் எடுத்து இப்போது கேமராப் பையின் பக்க அறையிலேயே வைத்திருக்கிறேன்.